கட்டிலும் பூணும்: சோழமண்டலக் கடற்கரையின் படுக்கையறை அறைகலன்களும் பெயர் வழங்கலும்

ஆய்வுச் சுருக்கம்

பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரையில் செய்யப்பெற்று ஐரோப்பாவுக்கும் கிழக்காசியத் துறைமுகங்களுக்கும் சென்ற கருங்காலி அறைகலன்கள், பிற்காலத்தில் பிறர் பெயராலேயே அறியப்பட்டன. இங்கிலாந்தில் அவை டியூடர் காலத்துப் பொருள்களாகவும், பழம்பொருள் சந்தையில் டச்சுப் பொருள்களாகவும் வழங்கின. அப்பொருள்களில் பெரும்பாலானவற்றில் செய்தவர் பெயர் இல்லை. இந்நிலையில் மரம், பித்தளை, சொல் ஆகிய மூவகைச் சான்றுகளை ஒருங்கே நோக்கினால் கடற்கரைக் கம்மியரின் பங்கை எவ்வளவுக்கு உறுதிசெய்ய இயலும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மேசையும் அலமாரியும் தமிழுக்கு வந்த சொற்கள். கட்டில் தமிழிலிருந்து சென்ற சொல் என்னும் வேறுபாடு இவ்விளக்கத்தின் மையமாக அமைகிறது.

குறிச்சொற்கள்: பழவேற்காடு, பசியாவரம், கட்டில், கருங்காலி, பித்தளைப் பூண், கம்மாளர், சொற்பயணம்.

1. முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கில், தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பரந்து கிடக்கிறது பழவேற்காட்டு ஏரி. பசியாவரம் முதலான மீனவ ஊர்கள் ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்தவை. அவ்வூர்களுக்கு எதிர்க்கரையில் உள்ள பழவேற்காட்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610இல் வாணிக நிலையம் அமைத்தது. 1613இல் கெல்திரியாக் கோட்டையைக் கட்டியது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படும்வரை, சோழமண்டலக் கடற்கரையில் டச்சுக்காரரின் தலைமை நிலையமாகப் பழவேற்காடு விளங்கிற்று. நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் 1781இல் கைப்பற்றினர். 1825இல் பழவேற்காடும் அவர்கள் வசமாயிற்று.

இன்று கோட்டை சிதைந்து மண்மேடாகியுள்ளது. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது. பழவேற்காடு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் துணி வாணிகத்தையும் கோட்டையையும் கல்லறைகளையும் பேசுகின்றன. வீட்டின் உள்ளறையில் இருந்த பொருள்கள் அவற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றன. கட்டில், தொட்டில், பேழை, நாற்காலி ஆகியவை அன்றாடப் பொருள்கள் என்பதாலேயே வரலாற்றுக்கு அப்பாற்பட்டவை ஆகிவிடுவதில்லை. யார் செய்தார், யாருக்காகச் செய்தார், யார் பெயரால் விற்றார் என்னும் வினாக்கள் அவற்றில் பிற பொருள்களைவிடக் கூர்மையாக எழுகின்றன.

2. தமிழ் மரபில் கட்டில்

ஐரோப்பியர் வருகைக்கு நெடுங்காலம் முன்பே கட்டில் தமிழில் இருபொருள் தாங்கிய சொல்லாக வழங்கியது. ஒன்று படுக்கை, மற்றொன்று அரியணை. ‘அரசு கட்டில்’, ‘முரசு கட்டில்’ என்னும் தொடர்கள் கட்டிலை ஆட்சியின் சின்னமாக்கின. ‘அரசு கட்டிலில் துஞ்சிய’ என்னும் அடைமொழி பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு உரியது. முரசு கட்டிலில் அறியாது உறங்கிய மோசிகீரனாரைச் சேர மன்னன் தண்டியாது கவரி வீசிய நிகழ்ச்சியும் இச்சொல்லின் மதிப்பைக் காட்டும்.

செய்முறை நோக்கில் நெடுநல்வாடை தரும் செய்தி இன்றியமையாதது. நக்கீரர் அதில் பாண்டிமாதேவியின் கட்டிலைப் ‘பாண்டில்’ என்னும் பெயரால் விரிவாக வருணிக்கிறார். நாற்பது ஆண்டு நிறைந்த யானையின் தந்தம், கூரிய உளியால் குடைந்த இலை வேலைப்பாடு, குடம்போல் திரண்ட உறுப்பும் உள்ளிப்பூண்டின் வடிவமும் அமைந்த கால், மேலே ஓவியம் தீட்டிய மேற்கட்டி ஆகியவை அங்குக் கூறப்படுகின்றன. வாழ்வுக்குரிய பொருளாகக் கட்டில் இருந்தது என்பதோடு, அதன் காலும் மேற்கட்டியும் தனித்தனி உறுப்புகளாகக் கருதப்பட்டு அழகூட்டப்பட்டன என்பதும் இதனால் அறியலாகிறது.

சங்ககாலக் கம்மியரிடமிருந்து பதினேழாம் நூற்றாண்டுத் தச்சர் வரை இடையறாத ஒரே மரபு நிலவியது என்று இதைக்கொண்டு கூறிவிட முடியாது. ஆயினும் திரண்ட காலும், இலைக்கொடிச் செதுக்கும், விதானமும் அமைந்த கட்டில் என்னும் கருத்து இக்கரைக்கு ஐரோப்பியர் கொண்டுவந்து சேர்த்த புதுமை அன்று என்பதற்கு அது தக்க சான்றாகும்.

3. கருங்காலி: மரத்தின் இயல்பும் வடிவமும்

பதினேழாம் நூற்றாண்டுச் சோழமண்டல அறைகலன்களில் சிறந்தவை கருங்காலியால் ஆனவை. நாற்காலிகள், நீள் இருக்கைகள், தொட்டில்கள், பேழைகள் முதலியன இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகம் உள்ளிட்ட இடங்களில் உள்ளன. முறுக்குத் தூண்கள், நெருக்கமாகக் கோத்த கடைசல் கம்பிகள், மேற்பரப்பு முழுவதும் படரும் பூங்கொடிச் செதுக்கு, பிரம்புப் பின்னல் ஆகியவை இவற்றின் பொது இயல்புகள். தொடக்ககாலப் பொருள்களில் செதுக்கு மெல்லியதாகவும் நெருக்கமாகவும் உள்ளது. நூற்றாண்டின் பிற்பகுதியில் மலர்கள் பெரிதாகிப் புடைத்து நிற்கின்றன. கிளி, கடற்கன்னி, சிறகுள்ள குழந்தை உருவம் ஆகியவை ஒரே பலகையில் அருகருகே அமைவதும் உண்டு.

இவ்வடிவத்திற்கு மரத்தின் இயல்பே ஓரளவு காரணமாகும். முதிர்ந்த கருங்காலி நீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது. அதன் கரிய வயிரப்பகுதி அகன்ற பலகையாகக் கிடைப்பது அரிது. குறுகிய, குட்டையான துண்டுகளே மிகுதி. எனவே பெரும் பலகைகளைத் தவிர்த்து, சிறு சட்டங்களையும் கடைசல் கம்பிகளையும் காடியும் கழுந்துமாகப் பொருத்துவதே இம்மரத்திற்கு ஏற்ற முறை. கடினமான மரம் ஆதலின் நுண்ணிய செதுக்கின் விளிம்பு உதிராமல் நிற்கும். மெருகிட்டால் கல்போல் ஒளிரும். ஐரோப்பிய நாற்காலியின் உருவரையைப் பின்பற்றினாலும், அதை எத்தனை துண்டுகளாகப் பிரிப்பது, எங்கே கடைவது, எங்கே செதுக்குவது என்பவற்றை முடிவுசெய்தது மரத்தை அறிந்த தச்சரின் கையே.

இச்செதுக்கின் உறவைப் பழவேற்காட்டிலேயே காணலாம். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் கற்பலகைகளில் குடும்பச் சின்னமும் டச்சு எழுத்தும் உள்ளன. அவற்றைச் சூழ்ந்த பூங்கொடி விளிம்புகள் கருங்காலிப் பலகைகளின் விளிம்புகளை நினைவூட்டுகின்றன. இக்கரையில் செதுக்கிய கல்லறைப் பலகைகள் பத்தேவியாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பப்பட்டன. கல்லிலும் மரத்திலும் அணிவேலைப்பாடு ஒத்திருப்பதற்குக் கம்மாளர் அமைப்பு ஒரு விளக்கம் தரக்கூடும். தச்சர், கல்தச்சர், கொல்லர், கன்னார், தட்டார் ஆகிய ஐந்தொழிலாளரும் ஒரே கம்மாளக் குழுமத்தினர். தொழில் வேறாயினும் வடிவ மரபு அவர்களுக்குள் பகிரப்பட்டதாதல் இயல்பே.

4. பித்தளை: பூணும் பூட்டும்

கடற்கரை அறைகலன்களில் பித்தளை வெறும் அணியாக வரவில்லை. உப்புக்காற்றில் இரும்பாணி விரைவில் துருவேறி மரத்தையும் கறைப்படுத்தும். பசியாவரம் போன்ற ஊர்களில் இரும்புக் கீலும் தாழும் நெடுநாள் நிற்பதில்லை. பித்தளையோ களிம்பேறினாலும் உட்பகுதி அரிக்கப்படாமல் நெடுங்காலம் நிற்கும்; புளியிட்டுத் தேய்த்தால் மீண்டும் ஒளிபெறும். எனவே பேழைகளின் மூலைப்பட்டை, கீல், பூட்டுத்தகடு, கைப்பிடி, காலின் பூண் ஆகியவை பித்தளையில் அமைந்தன. கப்பற்பயணத்தில் மோதலுக்கு முதலில் ஆட்படுபவை மூலைகளே. ஈரத்தில் விரிந்தும் வெயிலில் சுருங்கியும் அசையும் மரத்தின் பொருத்துகளைப் பட்டைகள் இறுக்கிப் பிடித்தன. காப்புக்காக அமைந்த அத்தகடுகளே பின்னர்த் துளைவேலைப்பாடு பெற்று அணியாயின. டச்சு ஆட்சிக்கால இலங்கைப் பேழைகளிலும் பத்தேவியாப் பேழைகளிலும் இவ்வளர்ச்சி தெளிவாகத் தெரிகிறது.

பித்தளையின் மூலப்பொருளும் கடல்வழி வந்ததே. டச்சுக் கம்பெனி ஜப்பானியச் செம்பைச் சோழமண்டலத்திற்குக் கொண்டுவந்து விற்றது. அதன் ஈடாகத் துணி வாங்கியது. துத்தநாகம் சீன வாணிகத்தின் வழியே கிடைத்தது. ஜப்பானியச் செம்பும் சீனத் துத்தநாகமும் சேர்ந்தவிடத்துப் பித்தளை உருவாகி, கன்னாரின் பட்டறையில் தகடாகவும் பூணாகவும் மாறக்கூடிய நிலை இக்கரையில் அமைந்தது. ஒரு பேழையின் பூட்டுத்தகட்டை ‘டச்சு வேலை’ என்று மட்டும் குறித்தால் இந்த நெடிய வலைப்பின்னல் முழுவதும் மறைந்துவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை தலைகீழாயிற்று. பர்மிங்காம் நகரப் பட்டறைகள் பித்தளைக் குழாய்க் கட்டில்களைப் பெருமளவில் வார்த்தன. 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சியில் வின்ஃபீல்டு நிறுவனம் அத்தகைய கட்டில்களைக் காட்சிப்படுத்தியது. மரப்பொருத்துகளில் மூட்டைப்பூச்சி குடிகொள்ளும் என்னும் அச்சமும், கொசுவலை கட்ட நான்கு கம்பிகள் தேவை என்பதும் உலோகக் கட்டிலுக்கு ஆதரவு தேடித்தந்தன. முன்பு உலோகம் மூலப்பொருளாக வந்து இக்கரையில் வேலைப்பாடு பெற்றது. இப்போது முழுமையடைந்த கட்டிலே இறக்குமதிப் பொருளாயிற்று. ஆயினும் வந்த பொருளுக்குப் புதிய பெயர் தேவைப்படவில்லை. ‘பித்தளைக் கட்டில்’, ‘இரும்புக் கட்டில்’ என்று தமிழ் தன் பழஞ்சொல்லையே அதற்கு இட்டது.

5. பொருளின் பெயரும் கரையின் பெயரும்

சோழமண்டலக் கடற்கரையின் பெயர் ஐரோப்பிய அறைகலன் சந்தையில் பெரிதும் வழங்கியதே. ஆனால் அது தவறான பொருள்களுக்கே பெரும்பாலும் சூட்டப்பட்டது. சீனாவில் செய்த அரக்குத் திரைகள் இக்கரைத் துறைமுகங்கள் வழியாக மாற்றி அனுப்பப்பட்டமையால் ‘கோரமண்டல் திரை’ எனப்பட்டன. இலங்கையில் வளரும் வரியோடிய கருங்காலி இனமாகிய கலமாண்டர், ஆங்கில வணிகரிடம் ‘கோரமண்டல் மரம்’ ஆயிற்று. இக்கரையிலேயே செய்த கருங்காலி நாற்காலிகளுக்கோ இப்பெயர் கிட்டவில்லை.

ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1763இல் ஓர் ஏலத்தில் கருங்காலி நாற்காலிகளை வாங்கித் தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் வைத்தார். அவற்றை அவர் டியூடர் காலத்து ஆங்கிலப் பொருள்களாகவே கருதினார். முறுக்குத் தூணும் கரிய நிறமும் பழைமையின் அடையாளங்களாகத் தோன்றியதே காரணம். இக்கருத்து நெடுங்காலம் நிலைத்தது. கார்ன்வாலில் உள்ள காட்ஹீல் மாளிகையின் கருங்காலி நாற்காலிகளும் இவ்வாறே கருதப்பட்டன. தென்னிந்தியத் தச்சர் ஐரோப்பியக் குடியேறிகளுக்காகச் செய்த பொருள், இங்கிலாந்தின் தேசியப் பழைமைக்குச் சான்றாக்கப்பட்டது.

துணியின் நிலை இதற்கு மாறானது. கட்டிலின் மேல்விரிப்பாகவும் திரையாகவும் சென்ற சோழமண்டல வண்ணத்துணிகள் செய்யப்பட்ட கரையின் பெயரோடு அறியப்பட்டன. நடிகர் டேவிட் காரிக்கின் கட்டிலுக்குரிய மசூலிப்பட்டினத் துணிகள் அதற்குச் சான்று. இந்திய வண்ணத்துணிக்கு இருந்த தடையின்பேரில் 1775இல் ஆங்கிலச் சுங்கத்துறை அவற்றைக் கைப்பற்றியது. துணியின் ஊர் சட்டத்தாலேயே கவனிக்கப்பட்டது. உள்நாட்டு நெசவாளருக்கு அது போட்டியாக இருந்தமையே அதற்குக் காரணம். மரத்திற்கு அத்தகைய போட்டி எழவில்லை. எனவே அதன் பிறப்பிடத்தை எவரும் வினவவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இப்பிழை திருத்தப்பட்டது. திருத்தத்திலும் ஒரு மிகை நேர்ந்தது. டென்மார்க் அறிஞர் வில்ஹெல்ம் ஸ்லோமன் 1934இல் பர்லிங்டன் இதழில் வெளியிட்ட கட்டுரைகளில், ஆங்கில அறைகலன்களாகக் கருதப்பட்ட பலவற்றையும் இந்தியப் பொருள்களாகக் காட்ட முயன்றார். ஆங்கில வரலாற்றாளர் அதை மறுத்தனர். பின்னர் யான் வேனெண்டால் 1985இலும், அமின் ஜாஃபர் 2001இலும் வெளியிட்ட நூல்கள் மரவகை, செதுக்குமுறை, ஆவணம் ஆகியவற்றின் அடிப்படையில் இத்துறையை நிலைப்படுத்தின. பெருமிதத்தால் உரிமை கோருவதும் அறியாமையால் உரிமை மறுப்பதும் சான்றின்முன் ஒன்றுபோலவே வலுவிழக்கும் என்பது இவ்வரலாறு தமிழாய்வுக்குத் தரும் பாடம்.

6. சொல்லின் சான்று

செய்தவர் பெயர் இல்லாத பொருளுக்குச் சொல் ஒரு சாட்சியாகிறது. ஐரோப்பியத் தொடர்பால் தமிழ் வீட்டுக்குள் வந்த சொற்கள் பல. மேசை, அலமாரி, சாவி, சன்னல் ஆகியவை போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தவை. ஈழத்தமிழில் நாற்காலியைக் குறிக்கும் ‘கதிரை’யும் அம்மொழியினதே. இழுப்பறையைக் குறிக்கும் ‘லாச்சி’ டச்சுச் சொல்லின் திரிபு. பொருளோடு பெயரும் வந்தது என்பதை இவை காட்டுகின்றன.

கட்டில் என்னும் சொல்லின் பயணம் எதிர்த்திசையில் அமைந்தது. மலாய் மொழியில் படுக்கைக் கட்டிலுக்குக் ‘காத்தில்’ என்பதே பெயர். போர்த்துக்கீசியத்தில் ‘கத்ரெ’ என வழங்கும் சொல்லும், அதிலிருந்து ஸ்பானிய மொழி பெற்ற ‘கத்ரெ’யும் தமிழ் மலையாளக் கட்டிலிலிருந்து பிறந்தவையாகக் கொள்ளப்படுகின்றன. தென்னாப்பிரிக்காவில் வழங்கும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் கட்டிலைக் குறிக்கும் ‘காட்டெல்’ இதே வழியினது. அங்குக் குடியேறிகளின் மாட்டுவண்டிக்குள் மரச்சட்டத்தில் தோல்வார் பின்னி அமைத்த படுக்கையும் இப்பெயர் பெற்றது. தமிழகக் கயிற்றுக்கட்டிலின் அமைப்பை அது பெரிதும் ஒத்திருக்கிறது. ‘கட்டு’ என்னும் வினையோடு கட்டிலை இயைத்துக் கூறும் சொற்பிறப்பு விளக்கம் இங்குப் பொருத்தமாக நினைக்கத்தக்கது.

மேசையை ஐரோப்பியர் கொண்டுவந்தனர். கட்டிலை இங்கிருந்து கொண்டுசென்றனர் என்று இதைச் சுருக்கிக் கூறலாம். ஐரோப்பாவில் படுக்கை இல்லாமையால் அவர்கள் இச்சொல்லை ஏற்கவில்லை. சூடான நிலத்தில் காற்றோட்டம் தரும், எளிதில் எடுத்துச்செல்லத்தக்க, பின்னல் அடித்தளமுடைய ஒரு தனிவகைப் படுக்கையை அவர்கள் இங்கே கண்டனர். அதற்கு இங்குள்ள பெயரே தேவைப்பட்டது.

சொற்கள் தாமே கடல் கடப்பதில்லை, மனிதரோடு செல்கின்றன. பழவேற்காடு துணித்துறைமுகமாக மட்டும் இருக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் பஞ்சக் காலங்களில் டச்சுக் கம்பெனி அடிமைகளாக வாங்கிய மக்கள் ஏற்றிச்செல்லப்பட்ட முதன்மைத் துறையும் அதுவே. அவர்கள் பத்தேவியாவுக்கும் பிற குடியேற்றங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். நன்னம்பிக்கை முனையின் அடிமை மக்களிலும் சோழமண்டலத்தார் இருந்தனர். சோழமண்டலச் செதுக்குமுறை பத்தேவியாவில் தொடர்ந்தமைக்கு இக்கரைக் கைவினைஞர் அங்கு இருந்ததே காரணம் எனக் கருதப்படுகிறது. எனவே ‘காட்டெல்’ என்னும் சொல்லை மொழிப்பெருமைக்குரிய சான்றாக மட்டும் கொள்வது போதாது. அச்சொல் சென்ற கப்பல்களின் சரக்கு எது என்பதையும் அதனோடு சேர்த்தே கூறவேண்டும்.

7. இன்றைய நிலை

பழம்பொருள் சந்தையில் மரக்கட்டிலும் பித்தளைப் பூணிட்ட பேழையும் இன்று உயர்விலை பெறுகின்றன. காரைக்குடிக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களும் கட்டில்களும் தனித்தனி உறுப்புகளாக விற்கப்படுவது பலரும் அறிந்தது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள்களையும் தொல்பொருளாகக் கொண்டு, தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடைசெய்கிறது. ஆனால் கட்டிலின் காலும் தலைப்பலகையும் பிரிக்கப்பட்டு வேறு பொருளாக மாறியபின் அதன் காலத்தையும் ஊரையும் உறுதிசெய்வது கடினமாகிறது. பொருள் பிரியும்போது சான்றும் பிரிகிறது.

இதைவிட விரைவாக மறைவது கலைச்சொற்களே. கடைசல், காடி, கழுந்து, பூண், குமிழ், சட்டம், கீல், நாதாங்கி முதலிய சொற்கள் தச்சரிடமும் கன்னாரிடமும் வாய்மொழியாக வாழ்பவை. ஏரி ஊர்களில் மரப்படகுகளின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பிடித்துவருவதால், படகுத் தச்சரின் சொல்வளமும் பயன்பாடு குன்றிவருகிறது. உப்பு நீரில் எந்த மரம் நிற்கும், எந்த ஆணி துருவேறும், எந்தப் பொருத்து நெகிழும் என்னும் பட்டறிவு கட்டில் செய்தவருக்கும் படகு செய்தவருக்கும் பொதுவானது. பசியாவரம், பழவேற்காடு, நாகப்பட்டினம் ஆகிய இடங்களில் இச்சொற்களைத் தொகுத்து, அருங்காட்சியகப் பொருள்களின் உறுப்புகளோடு பொருத்திப் பார்ப்பது தமிழியல் ஆய்வாளரால் மட்டுமே செய்யக்கூடிய பணியாகும். ஐரோப்பிய ஆவணக்காப்பகத்தால் அதனை ஈடுசெய்ய இயலாது.

8. முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, சோழமண்டலக் கருங்காலி அறைகலன்கள் ஐரோப்பிய உருவரையும் இக்கரைத் தச்சரின் பொருத்துமுறையும் செதுக்கும் கூடிய பொருள்கள். அவற்றை ஒரு நாட்டின் பெயரால் மட்டும் வழங்குவது பொருந்தாது. இரண்டாவது, பித்தளைப் பூண் அணிக்கு முன்பே காப்பாக அமைந்தது. அதன் உலோகம் ஆசியக் கடல்வாணிகத்தின் பலமுனைகளை இணைத்தது. மூன்றாவது, கட்டில் என்னும் சொல் பொருளோடும் மனிதரோடும் கடல் கடந்தது. அம்மனிதருள் விரும்பிச் சென்றவர் மட்டுமன்றி விற்கப்பட்டுச் சென்றவரும் உளர்.

அருங்காட்சியகப் பெயர்ப்பலகைகளில் ‘சோழமண்டலக் கடற்கரை’ என்னும் இடப்பெயர் இன்று இடம்பெற்றுவிட்டது. அடுத்து அங்கு இடம்பெற வேண்டியது தொழிலின் பெயர்: தச்சர், கடைசலர், கன்னார். தனிமனிதர் பெயர்கள் ஆவணங்களில் கிடைக்காதவிடத்தும் தொழிற்பெயரையும் உறுப்புப்பெயரையும் தமிழ் இன்றும் காத்துவைத்திருக்கிறது. அவற்றை வழங்குவோர் உள்ளபோதே தொகுத்துக்கொள்வது காலத்தின் தேவையாகும்.